ஆளில்லாத மில்லுக்கு வழி

திருகோணமலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கிறார்கள். அட்டையில் ஒரு மான் நிற்கும். உள்ளே கோட்டை, கோயில், கடற்கரை எல்லாம் உண்டு. கடைசிக்கு முந்தின பக்கத்தில் எங்கள் மில்லுக்கு நாலைந்து வரி. எனக்கு வாசிக்கத் தெரியாது, மகள்தான் வாசித்துக் காட்டினாள். கேட்ட நாளிலிருந்து வயிறு எரிகிறது. ஆகையால் நானே வழி சொல்கிறேன். அவள் எழுதுகிறாள்.

பஸ்ஸால் இறங்கினால் உள்துறைமுகப் பக்கமாக நடந்து போங்கள். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறவேண்டாம். அங்கே கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகங்களும் உத்தியோகத்தரின் வீடுகளும்தான். கந்தோரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இப்போது தொடங்கினால் வழி தவறிவிடும். கடலை ஒட்டிப் போனால் கூரை பறந்த ஒரு பெரிய கட்டடம் தெரியும். அதுதான் நெல்லு மில். பக்கத்தில் ஒரே ஓட்டுக்குக் கீழே பதினான்கு வீடு. அதை லயன் என்போம். ஐந்தாவது கதவு என்னுடையது.

வெள்ளைக்காரன் ஆட்சியை விட்டுப் போன கையோடுதான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வள்ளங்களில் நெல்லு வரும். வள்ளம் ஓட்டிய ஒருவர் பிறகு எங்கள் லயனிலேயே ஆறாவது கதவுக்கு வந்துவிட்டார். எல்லாருக்கும் அவர் காக்கா, முஸ்லிம் சனம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடும். மில்லின் காலைச் சங்கு ஊதினால் பாலையூற்றில் இருக்கிறவனும் அடுப்பு மூட்டுவான் என்று பெருமையாகச் சொல்வார். சங்கு அவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் அவரோடு வாதாட ஏலாது.

என் வேலை ஊறல் தொட்டி. புழுங்கலுக்கு நெல்லை நல்ல தண்ணீரில் ஊறப் போடவேண்டும். மில்லின் முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு கிட்ட, ஆனால் இளநீர் மாதிரித் தண்ணீர். அந்தக் கிணற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொடர்ந்து நூறு வாளி தரும். நூறுக்கு மேலே இறைத்தால் அடியில் கிடக்கிற கடல் மேலே ஏறிவிடும். நூறு இறைத்து, வெயில் சாயும்வரை விட்டு, திரும்ப நூறு. நான் சத்தமாக எண்ணுவேன். பத்துக்கு ஒரு கரிக்கோடு. நூறு ஆனதும் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன், பிறகு யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். ஒருமுறை மில்காரத் துரை வந்து, அவசரம், இறையுங்கள் என்றார். இறைத்தோம். அந்தத் தொட்டி நெல்லைக் கோழியும் கொத்தவில்லை. கிணறு திரும்பவும் குடிக்கிற மாதிரி வர ஒரு மாரி போயிற்று. அதுவரை பெண்கள் குடத்தோடு எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று என் மனைவியைக் கேட்டால் இன்றைக்கும் திட்டுவாள்.

துரை என்றதும் இன்னொரு வழக்கம் சொல்லவேண்டும், முழு வினையும் அதில்தான். துரை மில்லைச் சுற்றிப் பார்க்க வருகிற நாளில் லயன் சனம் அவர் கண்ணில் படக்கூடாது. கொடியில் துணி தொங்கக்கூடாது, ஆடு நிற்கக்கூடாது, பிள்ளை அழக்கூடாது. வாளியையும் கயிற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கார் திரும்பிப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். இத்தனை வருடம் செய்து செய்து அது கைக்கே பழகிவிட்டது.

பிறகு மில் நின்றது. துரை போனார், மெஷின் போனது, பெல்ட் போனது. நாங்கள் போகவில்லை. எங்கே போவது? ஒருவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், ஒருவன் குச்சவெளிப் பக்கம் கடலுக்குப் போனான். பின்னேரம் எல்லாரும் அந்தக் கிணற்றடிக்குத்தான் திரும்பி வந்தோம்.

வெளிநாட்டுக்காரர் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் வந்து, சுற்றுலாக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் மில்லைப் பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதுதான் தாமதம், நான் எழும்பிவிட்டேன். துணியை எடுக்கச் சொன்னதும் ஆட்டை அவிழ்க்கச் சொன்னதும் நான். கிணற்றுக்கட்டைத் தேய்த்துக் கழுவி, வாளியையும் கயிற்றையும் என் கையாலேயே கழற்றி என் வீட்டுக்குள் வைத்தேன். பதினான்கு கதவும் சாத்தியாயிற்று.

வெள்ளைச் சப்பாத்துப் போட்ட மனிதர். முற்றத்தில் நடந்தார், படம் எடுத்தார், கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார்.

"வடிவான இடம். ஒரு குருவி கூட இல்லை" என்று கூட வந்தவரிடம் சொன்னார்.

கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன். கேட்டு என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே அறையவேண்டும் போல இருக்கிறது.

ஆறு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. ஐந்து வரி. கைவிடப்பட்ட மில். ஒருவரும் வசிப்பதில்லை. முற்றத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. பயன்படுத்துவோர் எவருமில்லை. பயணிகள் குளிப்பதற்கு மெஷின் பூட்டி வசதி செய்யப்படும்.

மெஷின்! ஒரு மணித்தியாலத்தில் ஆயிரம் வாளியை உறிஞ்சும் மெஷின்.

காக்காவும் நானும் ஓர்ஸ் ஹில் ஏறினோம். பெரியவர் கதிரையில் சாய்ந்திருந்தார். எங்களை இருக்கச் சொல்லவில்லை.

"ஐயா, அந்தக் கிணத்துக்கு மிசின் பூட்டக்கூடாது. உப்பேறிப் போகும்" என்றேன்.

"நீர் ஆர்?"

"அங்க இருக்கிறனான் ஐயா. பதினாலு குடும்பம் இருக்கிறம்."

அவர் புத்தகத்தை எடுத்துத் தட்டிக் காட்டினார். "ஆளில்லை எண்டு இதில கிடக்கு. நானே நேரில வந்து பாத்தனான். ஒரு வாளி கூட இருக்கேல்லை."

"நாங்கள் கதவுக்குப் பின்னால இருந்தனாங்கள்."

"ஏன்?"

காக்காதான் சொன்னார்: "நீங்க வாறீங்க எண்டுதான் சேர்."

பெரியவர் சிரித்தார். "ஆள் வந்தா ஒளிக்கிற சனத்தை இண்டைக்குத்தான் காணுறன். புத்தகம் அடிச்சாச்சு. திங்கக்கிழமை மிசின் வருது, முதல் பஸ்ஸும் வருது. போங்கோ."

காக்கா எனக்கு முன்னால் இறங்கி நடந்தார். மில் வாசலில் நின்று, "தம்பி, நீ சொன்னாய் ஒளிச்சம். இப்ப நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். திங்கட்கிழமை ஒருவரும் வேலைக்குப் போகவேண்டாம். வீட்டில் உள்ள அத்தனை துணியையும் கொடியில் போடுங்கள், கிழிசலையும் போடுங்கள். ஆடு முற்றத்தில் நிற்கட்டும். கதவுகள் திறந்து கிடக்கட்டும்.

பெரியவரோடு பஸ் வந்தபோது கிணற்றடியிலிருந்து வாசல்வரை வாளி வரிசை. பிள்ளைகள் சோப்பு நுரையோடு ஓடித் திரிந்தார்கள். நான் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, சங்கு ஊதுகிற குரலில் எண்ணினேன். சிவந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் புத்தகத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பெரியவரிடம் ஏதோ கேட்டாள். அவர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"பெரியவர், கேக்கிறாவெல்லே. சொல்லுங்கோவன், இதுகள் பேய்கள் எண்டு" என்று வரிசையிலிருந்து என் மனைவி கத்தினாள்.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. கயிற்றைப் பிடித்தேன். இன்னும் பத்து வாளி வெறுமையாக இருந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். அதைப் பெரியவரும் பார்த்தார்.

லொறியில் மெஷினோடு வந்தவன் இறங்கி, "சேர், எங்க இறக்கிறது?" என்று கேட்டான்.

பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. "கொண்டு போ" என்றார்.

கிணறு தப்பியது. ஆனால் புத்தகம் தப்பாமல் வருகிறது. இரண்டாம் முறை அச்சடித்தபோது மெஷின் வரியை மட்டும் எடுத்துவிட்டு, மானுக்கு வேறு படம் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் வசிப்பதில்லை என்பது அப்படியே கிடக்கிறது.

போன கிழமை வாசலில் ஒரு கார் நின்றது. சத்தம் கேட்டதும் என் மனைவி எழும்பிப் போய்க் கொடியில் கிடந்த சேலையை இழுத்தாள்.

"விடு!" என்று கத்தினேன். கத்திவிட்டுப் பார்த்தால் என் கையில் வாளிக் கயிறு. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. அந்தக் கயிற்றை நிலத்தில் எறிந்துவிட்டு, திரும்ப எடுத்து, கப்பியில் போட்டேன்.

ஆகவே வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கயிறு கப்பியில் கிடக்கும். வாளி கிணற்றுக்கட்டில் இருக்கும். அள்ளிக் குடியுங்கள். ஆனால் அள்ளுமுன் ஐந்தாவது கதவில் தட்டி, இது எத்தனையாவது வாளி என்று என்னைக் கேளுங்கள்.