மாமா போட்டுக்கொடுத்த வயிற்று ரகசியம்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம். நான் அங்கே போனது என் மாமனாருக்காக. பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கிறவர் அவர். பேப்பரைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படிப்பார். கண்ணாடி போடச் சொன்னால் மட்டும் கோபம் வரும். "நீங்க கூப்பிட்டாத்தான் அப்பா வருவாரு" என்று மனைவி என்னை அனுப்பிவைத்தாள்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. திருநகரில் வீடு. பம்ப்செட் மோட்டார் விற்கும் வேலை, நாள் முழுக்க பைக்கில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். எனக்கோ பெருங்குடலில் அழற்சி. திடீரென்று வயிற்றைப் பிடிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கழிப்பறை கண்ணில் பட்டாக வேண்டும். எந்தப் பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் வரும், எதில் தாழ்ப்பாள் விழாது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

இது மனைவிக்கும் வயிற்று டாக்டருக்கும் மட்டுமே தெரியும். வெளியில் சொல்ல வெட்கம். டாக்டர் இரண்டு மாதத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை நன்றாகவே கேட்டது. அதனால் மறுபடி அவரிடம் போகாமல், வயிறு மக்கர் பண்ணும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கி விழுங்கினேன். அப்படியே நான்கு வருடம் ஓடிவிட்டது.

முகாமில் மாமாவின் முறை வந்தது. தாடையை வைத்து உட்கார்ந்தால் கண்ணில் 'புஸ்' என்று காற்றடித்து அழுத்தம் பார்க்கும் மெஷின். முன்னால் போனவர் துள்ளிக் குதித்ததை மாமா பார்த்துவிட்டார்.

"நான் வரல மாப்ள. கண்ணு பிதுங்கிரும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாமா. இப்பப் பாருங்க, நானே உக்கார்றேன்" என்று வீரமாகப் போய் உட்கார்ந்தேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். இரண்டு கண்ணிலும் காற்றடித்தது. மாமாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு எழப் போனேன்.

"சார், எந்திரிக்காதீங்க" என்றார் மெஷினில் இருந்த பெண். மறுபடி அடித்தார். மூன்றாம் முறையும் அடித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அழுத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு சார். சுகர், பிரஷர் இருக்கா? வேற ஏதாச்சும் வியாதி? மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

பின்னால் முப்பது பேர். பக்கத்தில் மாமனார். "ஒண்ணுமே இல்லைங்க" என்றேன்.

மாமாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஏம்மா, அவரு பொய் சொல்றாரு. அவருக்குக் குடல்ல புண்ணு. வருசக்கணக்கா மாத்திரை முழுங்குறாரு. சட்டைப் பையில பாரு, அட்டை கெடக்கும்!"

வரிசை மொத்தமும் என் சட்டைப் பையைப் பார்த்தது. முகாமை அப்படியே விட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அட்டையை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் பெயரைப் படித்தார். "இது ஸ்டீராய்டு சார். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

மறுநாள் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. மாமாவும் கூடவே வந்தார், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வீடியோ கேம் மாதிரி உற்சாகமாக அமுக்கினேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைப்பு. டாக்டரம்மா காகிதத்தைக் காட்டினார். வலது கண்ணில், மூக்குப் பக்கம் ஒரு கறுப்புத் திட்டு. அங்கே வந்த புள்ளி எதையும் நான் பார்க்கவே இல்லை.

குளுக்கோமா. வலி இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் பார்வை நரம்பை அரிக்கிற நோய். போன பார்வை திரும்பாது என்றார்.

"வயித்துல இருக்க வியாதிக்கும் கண்ணுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"உங்க ஒடம்போட எதிர்ப்புச் சக்திதான் உங்க குடலையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. அது குடலோட நிக்கணும்னு இல்ல. சில பேருக்கு கண்ணுலயும் அழற்சி வரும், அழுத்தம் ஏறும். கண் நரம்பையும் அது தொடுதான்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா உங்க விஷயத்துல முக்கியமான ஆளு அந்த மாத்திரை. ஸ்டீராய்டை ரொம்ப நாள் சாப்பிட்டா கண் அழுத்தம் ஏறும். கேக்காம கொள்ளாம நாலு வருஷம் சாப்பிட்டிருக்கீங்க. குடல் டாக்டர்ட்ட மறுபடி போகல, முகாம்ல கேட்டப்பவும் குடலைப் பத்திச் சொல்லல. நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். எனக்குக் கோபமும் வெட்கமும் கலந்து வந்தது. "உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"நம்ம தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால காலி அட்டை கெடந்துச்சு. மருந்துக்கடையில காமிச்சுக் கேட்டேன். ஆச்சு மூணு வருசம்" என்று டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுக்குள்ளயே நான் கக்கூஸ் கட்டுனது எதுக்குன்னு நெனச்சீக? எனக்கு முட்டி வலின்னா? எனக்கு இன்னைக்கும் வரப்புல ஓடத் தெரியும் மாப்ள. நீங்க வாரப்பல்லாம் சங்கடப்பட்டீக. கேட்டா மனசு கஷ்டப்படுவீகன்னு விட்டுட்டேன். நேத்து கண்ணுன்னு சொல்லவும் பொறுக்க மாட்டாமச் சொல்லிட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க, டீ சிந்துது" என்றார்.

பிறகு இரண்டு டாக்டர்களும் போனில் பேசிக்கொண்டார்கள். வயிற்று டாக்டரிடம் வாங்கிய திட்டு தனிக் கதை. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். கண்ணுக்குத் தினமும் சொட்டு மருந்து. கறுப்புத் திட்டு அப்படியே இருக்கிறது, ஆனால் இதுவரை ஒரு புள்ளிகூடப் பெருகவில்லை. வயிறும் பெரும்பாலும் சொன்ன பேச்சு கேட்கிறது.

மாமாவும் ஒருவழியாக அந்த மெஷினில் உட்கார்ந்தார். "அம்புட்டுதானா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். அழுத்தம் சரியாக இருந்தது. படிக்க ஒரு கண்ணாடி மட்டும். ஊரில் கேட்கிறவர்களிடம், மருமகனுக்குக் கண் காட்ட முகாமுக்குக் கூட்டிப் போனதே தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் மறுப்பதில்லை.

இப்போது எந்த டாக்டர் "வேறு ஏதாவது தொந்தரவு?" என்று கேட்டாலும், பின்னால் எத்தனை பேர் நின்றாலும், குடலில் தொடங்கி எல்லாவற்றையும் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். அன்று முப்பது பேர் முன்னால் என் மானத்தை வாங்கிய மனிதர்தான் என் பார்வையைக் காப்பாற்றினார் என்பதை, கண் திறக்கும் ஒவ்வொரு காலையிலும் நினைத்துக்கொள்கிறேன்.