நேர்ந்துவிட்ட குட்டைக் கிடா

எங்கள் வீட்டு ஆடுகளை முதல்முறை பார்க்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இதெல்லாம் குட்டிகளா?" இல்லை, எல்லாம் ஈன்று பால் கொடுக்கிற ஆடுகள் என்று சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பள்ளையாட்டு வகை. என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். குட்டைக் கால், பானை வயிறு, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய மடி. தீனி குறைவு, இடம் குறைவு, கத்துகிற வாய்க்கு மட்டும் குறைவில்லை. "ஒன்ன மாதிரியே" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பழனிசெட்டிபட்டியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை. ஊரை விட்டுத் தள்ளி, கம்பம் ரோட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் எங்கள் வீடும் தென்னையும் ஆட்டுக் கொட்டகையும்.

குட்டையும் பாலும் ஓர் ஆட்டில் ஒன்றாகச் சேர்வது லேசில்லை. குட்டையாகப் பார்த்துச் சேர்த்தால் பால் குறையும். பாலைப் பார்த்துச் சேர்த்தால் அடுத்த ஈற்றில் கால் நீண்டுவிடும். ஏழு வருஷம் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்ததில்தான் அந்தச் செவலைக் கிடா பிறந்தது. இதன் தாய் ஒரு வேளைக்கு லிட்டருக்குக் குறையாமல் கறக்கும். இதற்குப் பிறந்த பெட்டைகள் மூன்றும் குள்ளம், மூன்றுக்கும் நல்ல மடி. என் கொட்டகையே இந்த ஒரு கிடாயை நம்பித்தான் நின்றது. கிடா என்றால் வீச்சம் அடிக்கத்தான் செய்யும். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார். எனக்கு அது பழகிவிட்டது.

தேனிப் பக்கம் கால்நடைக் கண்காட்சி நடக்கும். அங்கே மாட்டுக்குத்தான் மவுசு. ஆட்டுக்கு ஓர் ஓரமாகப் பந்தல், அதில் குட்டைக் கறவை வகைக்கு என்று, கிடாயும் சேர்த்து, ஒரு வரிசை. நடுவர் முதுகைத் தடவுவார், பல்லைப் பிளந்து பார்ப்பார், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்ப்பார். அதுவரைக்கும் ஆடு நாலு காலையும் சதுரமாக ஊன்றி, தலையைத் தூக்கி, அசையாமல் நிற்கவேண்டும். ஆடு ஆடாமல் நிற்பது பெயரிலேயே இடிக்கிற காரியம். செவலையை முதல் தடவை கொண்டுபோனபோது நடுவர் கை வைக்கிற நேரம் பார்த்துச் சாரல் பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகியது. ஆட்டுக்குத் தண்ணீர் என்றால் ஜென்மப் பகை. ஓர் உதறு உதறி நடுவரின் வெள்ளைச் சட்டையைப் பாழாக்கிவிட்டு, கயிற்றை உருவிக்கொண்டு ஓடி, பக்கத்துப் பந்தலில் தீவன மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. சுற்றி நின்ற சனம் சிரித்த சிரிப்பில் எனக்கு மானமே போனது.

மறுநாளே பழக்க ஆரம்பித்தேன். காலையில் கிடாயைக் கொட்டகை வாசலில் நிறுத்தி, அதன் எதிரே நான் நிற்பேன். அது என் முகத்தையே பார்க்கவேண்டும். வீட்டுக்காரர் பின்னாலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை முதுகில் ஊற்றுவார். உதறினால் ஒன்றும் கிடையாது. உதறாமல் நின்றால் ஒரு பன்னீர் திராட்சை. "நம்ம பிள்ளைக்கிக்கூட நீ இம்புட்டுப் பாடம் எடுக்கல" என்று வெளியூரில் படிக்கிற மகனைச் சொல்லி அவர் தினமும் முனகுவார், ஆனால் தினமும் சொம்போடு வந்துவிடுவார். நாலைந்து மாதத்தில், காதுக்குள் தண்ணீர் விட்டாலும் அது கண்ணை மட்டும் மூடித் திறக்கும். என் முகம் எதிரே இருக்கவேண்டும், அவ்வளவுதான். நான் அந்தப் பக்கம் நகர்ந்தால் அடுத்த நொடியே கொம்பு முதல் வால் வரை உதறிவிடும்.

அந்த ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்துக்கொண்டு கிடந்தேன். நாலாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் தேனியில் ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்புறம் இரண்டு மூன்று நாள் எனக்கு நினைவே இல்லை. கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. "கெடாய்க்குத் தீனி வச்சீகளா?" என்றுதான் கேட்டேனாம். அவர் எழுந்து வெளியே போய்விட்டாராம். இதெல்லாம் என் மதினி பிற்பாடு சொன்னது. மதினி என்றால் அவருடைய அக்கா, அல்லிநகரத்தில் இருப்பவர்.

வீட்டுக்கு வந்து நடக்கத் தெம்பு வந்ததும் கொட்டகைக்குப் போனேன். கிடாயின் பிடரியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லை. எனக்குப் பகீரென்றது. "சொறி புடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டா இருந்தீக? ஆளு ஒரு வாரம் இல்லன்னா ஆட்ட இப்படியா போட்டு வப்பீக?" என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். வாய்க்கு வாய் பேசுகிற மனிதர், அன்றைக்குக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பத்து நாள் வேப்பெண்ணெய் தடவினேன்.

தை கடைசியில் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கிற தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். கண்காட்சி பங்குனியில். அவர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"செவலைய எழுதாத" என்றார்.

"ஏன்?"

"அதெக் குலசாமிக்கு நேந்து விட்டாச்சு. நீ ஆசுபத்திரில கெடந்தப்ப. மாசிக் கும்புடுக்கு வெட்டணும்."

நேர்ந்ததற்கு அடையாளமாகப் பிடரி முடியைக் கத்தரித்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் கட்டியிருக்கிறார். நான் அதைச் சொறி என்று நினைத்து எண்ணெய் தடவியிருக்கிறேன். நான் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். "ஒங்க கடைய நேந்திருக்க வேண்டியதுதான? மொட்ட போடுறேன்னு வேண்டிருக்க வேண்டியதுதான? எங் கெடாதான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா?"

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மொட்ட போட்டா எனக்கு என்ன போகுது, ரெண்டு மாசத்துல மொளச்சிரும்" என்றார். "டாக்டர் எதுவும் சொல்றதுக்கில்லைன்னுட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒனக்கு உசுரா இருக்கது எதுன்னு யோசிச்சேன். அதுக்குக் கொறஞ்சு எதச் சொன்னாலும் சாமிய ஏமாத்துற மாதிரி இருந்துச்சு."

இதற்கு மேல் ஒரு மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? அடுப்படிக்குப் போய் அழுதேன். கிடாயை நினைத்து அழுதேனா, ஆசுபத்திரி வராந்தாவில் அவர் தனியாக நின்றதை நினைத்து அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

ஆனாலும் சும்மா இருக்க மனசு வரவில்லை. மதினியை வரச்சொல்லி, பூசாரிக்குப் போன் போடச் சொன்னேன். சந்தையில் பெரிய கிடாயாக, இதைப்போல இரண்டு பங்கு கறி உள்ளதாக வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கச் சொன்னேன். மதினி பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாமிக்குக் காட்டுன கெடாய மாத்தப்படாதுன்னு சொல்லிட்டாக, ஆத்தா. அங்கன தண்ணி தெளிப்பாகளாம். கெடா சிலுப்புனா சாமி ஏத்துக்கிருச்சுன்னு அர்த்தமாம். மனசத் தேத்திக்க. அவென் அன்னைக்கு நின்ன நெலைய நீ பாக்கல" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே செவலையின் பெயரை எழுதித் தாளைக் கொடுத்துவிட்டேன். மாசிக் கும்பிடுக்கு மூன்று வாரம் இருந்தது. தினமும் காலையில் கிடாயை வாசலில் நிறுத்தி எதிரே நின்றேன். அவர் சொம்போடு வந்தார். முதுகில் ஊற்றினார், காதில் ஊற்றினார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முன்பு போல முனகுவதும் இல்லை. கண்காட்சிக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டப்போகிற கிடாய்க்குக் கண்காட்சி ஒரு கேடா என்று மனசு கேட்டது. சும்மா கிட என்று அதை அடக்கினேன்.

எங்கள் குலசாமி கோயில் பெரியகுளத்துக்கு மேற்கே மலையடியில் இருக்கிறது. கும்பிடு அன்று காலையில் கிடாயைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கழுத்தில் போட்ட மாலையை வழியிலேயே பாதி தின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் நாலைந்து கிடாக்கள் நின்றன. மஞ்சள் தண்ணீர் விழுந்ததும் ஒவ்வொன்றும் உதறியது. உதறின கையோடு காரியம் முடிந்தது. நான் புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் முறை வந்ததும் மதினி என் தோளைத் தொட்டு, "நீ வண்டிகிட்டப் போயிரு, ஆத்தா. ஒன்னால பாக்க முடியாது" என்றார். நான் போகவில்லை. முன்னால் வந்து கிடாய்க்கு நேர் எதிரே நின்றேன். கையை அசைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. அது என்னைப் பார்த்தது. நாலு காலையும் சதுரமாக ஊன்றித் தலையைத் தூக்கிக்கொண்டது.

பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா அசையவில்லை. ஒரு சொம்பை அப்படியே முதுகில் கவிழ்த்தார். கண்ணை மூடித் திறந்தது. கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். "என்ன கொற வச்சோமோ தெரியலையே சாமி" என்று மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சனம் கிசுகிசுக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் முகத்தைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் வீட்டுக்காரரைப் பார்த்தேன். என் பக்கத்தில்தான் நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் கிடாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாமி பயம் அவ்வளவாகக் கிடையாது. அவருக்கு உண்டு. நேர்ந்ததை வாங்கிக்கொள்ளாத சாமி, கொடுத்த உசுரைத் திருப்பிக் கேட்கும் என்று நிசமாகவே நம்புகிறவர். சீ, என்ன பொம்பளை நான் என்று இருந்தது. ஒரு கிடாய்க்காக இந்த மனுஷனை இப்படி நடுங்க வைக்கவேண்டுமா? நாலடி தள்ளிப் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டால் போதும், அது உதறிவிடும், எல்லாம் முறைப்படி முடிந்துவிடும். காலை எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இங்கனயே நில்லு" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரல். பிடித்த கையை விடவில்லை.

பூசாரி மூன்றாவது சொம்பைக் காதில் ஊற்றினார். நான் நின்றேன். கிடாயும் நின்றது. பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். பிறகு அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "சாமி இதக் கேக்கல. கூட்டிட்டுப் போங்க. பதிலுக்குக் கோயில்ல ஒரு மணி வாங்கிக் கட்டிருங்க" என்று அடுத்த கிடாயைக் கூப்பிட்டார்.

வண்டியில் கிடாயோடு மதினி பின்னால் ஏறினார். நான் முன்சீட்டுக்குப் போய் உட்கார்ந்ததுதான் தாமதம், பின்னால் கிடா மொத்த உடம்பையும் ஓர் உதறு உதறியது. மதினியின் புதுச் சேலையெல்லாம் மஞ்சள் தண்ணீர். "ஏத்தா, இப்ப ஒதறுது?" என்றார். "குளிருதுபோல மதினி" என்றேன். அவர் கிடாயைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பங்குனியில் கண்காட்சிக்குப் போனோம். இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் குடம். பிடரியில் முடி சரியாக மூடவில்லை என்று நடுவர் குறித்திருந்தார். வீட்டுக்காரரிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். "தெரிஞ்சுதான என் கையப் புடிச்சீக?" என்றேன். "எதச் சொல்ற?" என்று காயிலைச் சுற்றிக்கொண்டே கேட்டார். நான் அதற்கு மேல் கிளறவில்லை.

போன வாரம் அவரோடு போனில் பேசிக்கொண்டே மிளகாய் வறுத்தேன். நெடி ஏறி நாலு இருமல் இருமிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் சத்தம். கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். கையில் காயிலுக்குப் பூசிய வார்னிஷ்கூடக் காயவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கும்பிடு முடிந்ததிலிருந்து இப்படித்தான். ஒரு தும்மல் போட்டால்கூட வந்துவிடுகிறார்.

"மொளகா நெடிங்க. எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரி" என்றார். கையை எடுக்கவில்லை.