மூன்று வரி நடுகல்

ஞாயிறு காலை ஆறரைக்கு வானவடியிலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் கனி பாய். மேலப்பாளையத்துக்காரர், முப்பது வருஷமாகப் புனேயில் ஹார்டுவேர் கடை. பழைய கற்களைச் சுத்தம் செய்யும் எங்கள் ஞாயிறு குழுவில் ஒரு வாரம்கூட மட்டம் போடாதவர் அவர்தான். நான் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன். பாதி ஞாயிறு தூங்கிவிடுவேன்.

போசரி தாண்டியதும் ஒரே லாரி. எட்டு மணிக்குச் சாகணில் வடாபாவ், இருபது ரூபாய். பாய் பாதியிலேயே வைத்துவிட்டார். "இன்னைக்கு கல்வெட்டு மேடம் அந்தக் கல்லு எழுத்தைப் படிச்சிருவாங்கல்லா தம்பி?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டரில் ஊர். வயலோரம் இடுப்புயர நடுகல்: ஒரு வீரன், நான்கு மாடுகள், கீழே மூன்று வரி எழுத்து. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். எழுத்தைப் படியெடுத்துக் கொடுத்தால் கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதாக அதிகாரி சொல்லியிருந்தார். நிலத்துக்கார அம்மா மந்தாபாயின் கவலை வேறு. தினமும் பூ வைக்கிறார். யாருக்கு வைக்கிறோம் என்று பெயர் தெரிய வேண்டும் அவருக்கு.

ஒன்பதரைக்குக் கல்வெட்டு படிக்கும் மேடம் வந்தார். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றினார். எழுத்துப் பள்ளங்கள் மட்டும் வெள்ளையாக நிற்க வேண்டும். தாளை உரித்தார். முழுக்கக் கறுப்பு.

கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "யார் தேய்த்தது?" என்று இந்தியில் கேட்டார்.

"நான்தான்" என்றார் பாய். புதன்கிழமை தனியாக வந்து, கிரில் கதவில் துரு எடுக்கும் கம்பிச் சக்கரத்தை டிரில்லில் மாட்டிப் பாசியை எடுத்திருக்கிறார்; பாசியோடு எழுத்தும் போயிருக்கிறது. தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் தவிர எதுவும் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். பாய் என் பக்கம் திரும்பினார். "எழுத்து பளிச்சுனு தெரியணும்னுல்லா தேய்ச்சேன் தம்பி. மேடம் நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை."

மேடம் திட்டவில்லை. பழைய படம் இருக்கிறதா என்றார். என் போனில் தேடினேன். எல்லாவற்றிலும் பாசி மூடிய எழுத்து. ஐயோ என்றிருந்தது.

மந்தாபாய் டீயோடு வந்து, "பெயர் வந்ததா?" என்று மராத்தியில் கேட்டார். பாய் தன் வாயாலேயே நடந்ததைச் சொன்னார். மந்தாபாய் வழக்கம்போலப் பூவை வைத்துவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணிக்குப் பாயைக் கடை வாசலில் இறக்கினேன். அடுத்த ஞாயிறு வருவாரா என்று கேட்காமலே வண்டியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து குழுவின் வாட்ஸாப்பைத் திறந்தேன். புதன்கிழமை பாய் தூரத்திலிருந்து எடுத்துப் போட்ட படம், பளபளவென்று கல். எதை வைத்துத் தேய்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கீழே முதல் பதில் என்னுடையது: "சூப்பர் பாய்!"