தேதி அக்கா

“இன்னைக்கு என்ன தேதி?”

காலை ஒன்பது மணிக்கு அலுவலகக் கதவு திறந்ததும் கண்ணில் படும் முதல் ஆளிடம் கேட்பார். அவர் சொன்னால் போதாது. இரண்டாவதாக வருகிறவரிடமும் கேட்பார். இருவர் வாக்கும் ஒத்து, சுவர்க் காலண்டரும் ஆமாம் போட்டால்தான் மூலை மேசைக்குப் போவார். அங்கே பழுப்பேறிய ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் நாள், மாதம், ஆண்டு, மணி, நிமிடம் என்று ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். பிணவண்டி ஓட்டுநர் ஒருமுறை வேடிக்கைக்காக ஒரு நாளைக் கூட்டிச் சொல்லிவிட்டார். அன்று மாலை வரை அக்கா அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவரிடமே வந்து நின்று கேட்டார்.

“ஏங்க்கா, உங்க கல்யாணத் தேதியாவது ஞாபகம் இருக்கா?” என்றார் ஓட்டுநர்.

“அதை மறக்கத்தான் முப்பது வருஷமா பாக்குறேன். நீ இன்னைக்குத் தேதியைச் சொல்லு.”

நகராட்சி இடுகாட்டு அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. மற்ற இடங்களில் எல்லாம் தேதி அக்காதான்.

வயது ஐம்பத்தாறு. படித்தது தாவரவியல். ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நிற்கும் மரங்களில் ஒன்றின் பெயரையாவது அவர் வாயால் கேட்டவர்கள் யாரும் இல்லை. ஆனால் மேசையடியில் இருக்கும் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் உறுப்புகளைச் சொந்தபந்தத்தைச் சொல்வதுபோல் சொல்வார். உள்ளே சுழலும் வட்டு, பெரியவர். காற்றாடி, வாயாடி. கடிகாரத்துக்கு உயிர் கொடுக்க வேண்டிய அரைவிரல் நீள பேட்டரிக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார்.

மூடப்பட்ட ஒரு விளம்பரக் கம்பெனி நன்கொடையாகக் கொடுத்த பெட்டி அது. உள்ளே இருப்பது பவர்பிசி என்ற சாதி. கடைத்தெருவில் விற்கும் எந்த மென்பொருளும் அதற்கு ஒட்டாது. வந்த இரண்டாம் மாதமே அதோடு பிறந்த மென்பொருள் செத்தது. “இருக்கறத வெச்சு ஓட்டுங்க” என்றார் அப்போதைய சூப்பிரண்டு. அக்கா லினக்ஸ் என்ற வேறொரு மென்பொருளைக் கொண்டுவந்தார். முதலில் வாங்கிய குறுந்தகடு மற்ற சாதிக் கம்ப்யூட்டருக்கானது. பெட்டி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சரியான தகட்டைத் தேடிப் பிடித்து மூன்று முறை முழுதாக நிறுவினார். மூன்று முறையும் நடுத்திரையில் ஒரு கேள்விக்குறிதான் கண் சிமிட்டியது. வட்டின் தலைமாட்டில் கையகல இடம் ஒதுக்கி, எழுப்பிவிடும் நிரலை அதில் குடிவைக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. “வீடு கட்டி, மாடி கட்டி, வாசல் வைக்க மறந்த கதை” என்பார்.

பெட்டி எழ மறுக்கும் நாட்களில் நான்கு விசைகளை ஒருசேர அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் சுவிட்சைத் தட்டுவார். வெள்ளைத் திரை வந்து, ‘ஓகே’ என்று ஒரே ஒரு சொல் சொல்லும். எதுவும் ஓகேயாக இல்லாதபோது மட்டும்தான் அது அப்படிச் சொல்லும். “நம்ம சூப்பிரண்டு மாதிரி” என்பார் அக்கா, சூப்பிரண்டு காதில் விழும்படியாகவே.

நகராட்சியின் மற்ற பதிவுகளெல்லாம் நான்கு வருடம் முன்பே புதுக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. இந்தப் பெட்டியைக் கழிவில் போடச் சொல்லி மூன்று கடிதங்கள் வந்தாயிற்று. அக்கா மூன்றையும் கோப்பில் ஒழுங்காகச் சேர்த்திருக்கிறார். பெட்டியையும் வைத்திருக்கிறார். காரணம் பதினொரு வரிகள்.

பத்தொன்பது வருடம் முன்பு ஒரு காலையில் பெட்டி பாதியில் நின்று, வட்டைக் கடைசியாகத் திறந்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்றது. அக்கா சிரித்துவிட்டு என்டர் தட்டினார். மறுநாள் கடிகாரம் சரியில்லை என்று ஒரு வரி வந்தது. அதற்கும் என்டர். மெஷின் ஓடியது; வேலை நடந்தது. இந்த ரகப் பெட்டியில் அந்தப் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் நாள் 1904 ஜனவரி ஒன்றுக்கு ஓடிவிடும். சிக்கனச் சுற்றறிக்கை ஒன்றை மதித்து அக்கா தினமும் மாலையில் ப்ளக்கைப் பிடுங்கிவைப்பார். கையால் போட்டால் தப்பு வரும் என்று, பதிவேட்டில் தேதியையும் மணியையும் மெஷினே போடும்படி நிரல் எழுதியிருந்தவரும் அவரேதான். நோட்டுப் புத்தகத்தை நிறுத்தி அப்போது அரை வருடம் ஆகியிருந்தது. “நாலு மாசம் என்டர் தட்டினேன்” என்பார். யார் மீதும் பழி போடமாட்டார்.

பெரியவர்களுடைய பதிவில் பெயரும் முகவரியும் இருந்தன. இறப்புச் சான்றைப் பார்த்துத் தேதியைத் திருத்திவிட்டார். பிறக்கும்போதே இறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும்தான். ஆணா பெண்ணா, என்ன தேதி, அவ்வளவே. மாதக் கடைசியில் சீட்டும் திரும்பிப் போய்விடும். தேதி ஒன்றுதான் ஒரு தாய்க்கும் ஒரு குழிக்கும் நடுவில் இருந்த நூல். பதிவுகளை மெஷின் தேதிவாரியாக அடுக்கிவிடுவதால் எழுதிய வரிசையும் மிஞ்சவில்லை. மண் இளகிய இடத்தில் வெட்டுவது குழி வெட்டுகிறவரின் வழக்கம் என்பதால் குழி எண்ணிலும் வரிசை கிடையாது. ஆக, 1961இல் திறந்த இடுகாட்டில் 1904இல் ஒரே நாளில் பதினொரு குழந்தைகள் புதைக்கப்பட்டிருந்தன. புதுக் கம்ப்யூட்டர் இதை ஏற்கவில்லை. பதினொன்றையும் பிழை என்று தள்ளியது.

“பல்லாயிரத்துல பதினொண்ணு, போனாப் போகுது” என்றார் சூப்பிரண்டு.

“அது சரியாத்தான் சொல்லுது சார். பிழை நான்” என்றார் அக்கா.

இந்த வருடம் மதிலை ஒட்டிய குழந்தைகள் பகுதியைச் சாலைக்கு எடுக்க முடிவாயிற்று. குழி எண்ணோடு சொந்தக்காரர்கள் மனுக் கொடுத்தால் தனியாகப் புது இடத்துக்கு மாற்றித் தருவார்கள்; ஒருவருக்கு ஒரு குழி. மனு வராதவற்றை ஒரே குழியில் சேர்த்து மூடிவிடுவார்கள். கடைசி நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் பேருந்து நடத்துநர், சீருடையிலேயே வந்திருந்தார். அந்த அம்மா கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆஸ்பத்திரி அட்டை. அதிலிருந்த தேதியைப் பார்த்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

“உக்காரும்மா. உன் பொண்ணு இங்கதான் இருக்கா. எந்தக் குழின்னு எனக்குத் தெரியாது. தப்பு என்னோடது.”

பிறகு, அன்று நடந்ததை, என்டர் தட்டியதையும் விடாமல், சொன்னார். பதினொரு எண்களையும் அவர் காகிதத்தில் எழுதிவைத்திருந்தார். அதில் பெண் குழந்தைகள் ஆறு.

அந்த அம்மா அழவில்லை. “நீங்க அன்னைக்கு இங்க இருந்தீங்களா அக்கா?”

“இருந்தேன்.”

“அவளைப் பாத்தீங்களா? எனக்குக் காட்டவே இல்ல.”

“சீட்டைத்தான்மா பாத்தேன்.”

அக்கா நடத்துநர் பக்கம் திரும்பினார். “நீங்க கூட வந்தீங்கல்ல? மரம், மதில், எதாவது?”

“மண்ணையே பாத்துட்டு இருந்தேங்க. சுத்தி என்ன இருந்துச்சுன்னு…” அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மில்லுல பன்னெண்டு மணிச் சங்கு ஊதுச்சு. அது மட்டும் காதுலயே இருக்கு.”

அக்காவின் கை காகிதத்தின் மேல் நின்றது. தேதியே பொய்யானபின் மணியை வைத்து என்ன செய்வது என்று அவர் குழி எண்ணை மட்டும்தான் எழுதிவைத்திருந்தார். ஆனால் மணி பொய் அல்ல. தினமும் ஒன்பதுக்கு அவர் ப்ளக்கைச் செருகும்போதுதான் 1904 பிறந்தது. பன்னிரண்டு மணி என்றால், பெட்டியின் கணக்கில் நாள் பிறந்து மூன்று மணி நேரம். பத்தொன்பது வருடமாக அது வட்டிலேயே இருந்திருக்கிறது.

எழுந்து மூலைக்குப் போனார். பெட்டி அணைந்து கிடந்தது. ப்ளக் இருந்த இடத்தில் பிணவண்டி ஓட்டுநரின் செல்போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

“பத்து நிமிஷம்தான்க்கா…”

அக்கா திட்டவில்லை. அதுதான் ஓட்டுநருக்குப் பயமாக இருந்தது. செல்போனை உருவி அவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் முட்டி போட்டு ப்ளக்கைச் செருகினார்.

கேள்விக்குறி கண் சிமிட்டியது. மின்சாரம் போனால் எந்த வட்டிலிருந்து எழ வேண்டும் என்பதும் அதற்கு மறந்துபோகும். நான்கு விசை, முழங்கை, வெள்ளைத் திரை, ஓகே. எந்த வட்டு, எத்தனையாவது பகுதி, எந்த நிரல் என்று மனப்பாடமாகத் தட்டினார். எழுத்துகள் ஓடின; திரை கறுத்தது. அணைத்தார். மறுபடி நான்கு விசை. படம் காட்டும் வேலையை நீயாகச் செய்யாதே, பழைய முறையிலேயே காட்டு என்று இந்த முறை ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தார். எழுத்துகள் ஓடின. பாதி வழியில் நின்றது: வட்டைக் கடைசியாகத் திறந்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, நானே சரிசெய்யட்டுமா?

“செஞ்சிரட்டுமே, சீக்கிரம் முடியும்ல?” என்றார் பின்னால் வந்து நின்ற சூப்பிரண்டு.

“அதுவா சரிசெஞ்சா புரியாததை எல்லாம் அள்ளி ஓரமாப் போட்டுரும் சார். உங்க புதுசு செஞ்ச மாதிரி.” வேண்டாம் என்று தட்டினார். தேதியைக் கையால் போட்டார். பெட்டிக்குள் வட்டுப் பெரியவர் கரகரத்தார், ஓய்ந்தார், மறுபடி கரகரத்தார். அந்த நேரம் முழுக்க அந்த அம்மா நாற்காலியின் நுனியில், பெட்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வரிகளும் வந்தன. ஆறு பெண் குழந்தைகளில் நான்கின் மணி காலையும் மாலையுமாக விலகிப் போயிற்று. இரண்டு மிஞ்சின. மூன்று மணி ஆறு நிமிடம். மூன்று மணி இருபத்தொன்று.

“சங்கு ஊதினதும் நேரா இங்க வந்து சீட்டைக் கொடுத்தீங்களா?”

“கொஞ்ச நேரம் அங்க நின்னேன்.”

“அஞ்சு நிமிஷமா, இருபது நிமிஷமா? யோசிச்சுச் சொல்லுங்க.”

நடத்துநர் யோசித்தார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடம் பார்த்து விசில் ஊதுகிறவர்.

“நின்னேங்க. அவ்வளவுதான் தெரியுது.”

அதற்குமேல் அந்தப் பெட்டியிடமும் எதுவும் இல்லை. அக்கா இரண்டு எண்களையும் எழுதினார்: மூன்றாம் வரிசை பதினேழு, ஒன்பதாம் வரிசை ஆறு.

“ரெண்டையும் கொடுங்கக்கா” என்றார் அந்த அம்மா.

“ஒரு பேருக்கு ஒரு குழிதான்மா” என்றார் சூப்பிரண்டு. கடுமையாகச் சொல்லவில்லை. “வீட்டுக்காரர் தனியா மனுக் கொடுக்கலாமேன்னு கேப்பீங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஒரே மனுல வரணும். விதி. மனு வாங்குறது மூணு மணியோட முடியுது.”

மணி இரண்டு ஐம்பது. அந்த அம்மா மனுவில் மூன்றாம் வரிசை பதினேழு என்று எழுதினார். பேனாவைத் தூக்காமல் கேட்டார்.

“அந்த இன்னொண்ணு?”

“மத்ததோட சேத்துருவாங்க.”

“அதுதான் அவளா இருந்துச்சுன்னா?”

நடத்துநர் மனைவியின் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டார். சூப்பிரண்டு முத்திரையை அதன்மேல் அழுத்தித் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

தேதி அக்கா இழுப்பறையைத் திறந்து இன்னொரு மனுவை எடுத்தார். மனுதாரர் என்ற இடத்தில் சம்பளப் பட்டியலில் இருக்கும் தன் பெயரை எழுதினார். குழி எண்: ஒன்பதாம் வரிசை ஆறு. இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டம் வந்ததும் பேனா சற்று நின்றது. பத்தொன்பது வருடமாக எந்தக் கட்டத்திலும் உறுதியில்லாத ஒரு எழுத்தை எழுதாதவர் அவர். நாற்காலியில் இருந்த அந்த அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு, பெரியம்மா என்று எழுதினார்.

சூப்பிரண்டு மனுவை வாங்கி வாசித்தார். உறவுக் கட்டத்தில் அவர் விரல் நின்றது.

“இது… யாருக்கு?”

அக்கா மைப் பெட்டியின் மூடியைத் திறந்து, அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.