பெறாமக்கள் வரிசையில் ஒரு மகன்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அமுதுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, பந்தியில் அமருமுன் ஒரு திருத்தத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அப்பா காலமான அன்று பாண்டிருப்பிலிருந்து கல்முனை பஸ் நிலையம் வரை ஒட்டப்பட்ட மரண அறிவித்தலில், பிள்ளைகள் என்ற இடத்தில் என் பெயர் மட்டுமே இருந்தது. தம்பியின் பெயர் மூன்று வரி கீழே, பெறாமக்கள் வரிசையில், சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தது. அது அச்சகத்தின் பிழை அல்ல. எழுதிக் கொடுத்தபடியே அச்சிட்டார்கள்.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்பவள். சுவரில் வெடிப்புக் கண்டால் அது எங்கே தொடங்கியது என்று அத்திவாரத்திலிருந்து பார்த்து எழுதுவது என் தொழில். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

அப்பா பாண்டிருப்பில், கடலுக்கும் வீதிக்கும் இடையில் இருந்த கிடுகு வீடொன்றில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தன் தகப்பனாரோடு கரைவலை இழுக்கப் போனார். பிறகு சொந்தமாக ஒரு வள்ளம் வாங்கினார். வன்செயல் காலத்தில் இரண்டு முறை இடம்பெயர்ந்தார். இரண்டு முறையும் வள்ளத்தின் இயந்திரத்தைத் தன் வீட்டு நெல் மூட்டைகளுக்குள் மறைத்துக் காத்துக் கொடுத்தவர் மருதமுனைக் காக்கா. நெல் வியாபாரியான அந்த முஸ்லிம் அண்ணனும் அப்பாவும் ஒருவரையொருவர் "மச்சான்" என்றே கூப்பிட்டார்கள்.

சுனாமியன்று அம்மாவும் நானும் காரைதீவில் மாமி வீட்டில் நின்றோம். அப்பாவும் மூன்று வயதுத் தம்பியும் வீட்டில் இருந்தார்கள். அப்பா இடது கையில் தம்பியைப் பிடித்து, வலது கையால் தென்னை மரத்தைப் பிடித்தார். தண்ணீர் வற்றியபோது தம்பியின் காலில் ஒரு கீறல் மட்டுமே இருந்தது. அப்பாவின் வலது தோள் மூட்டிலிருந்து விலகியிருந்தது. அதன்பிறகு அந்தக் கையை அவரால் உயர்த்த முடியவில்லை. சாமி கும்பிட்டாலும் நெஞ்சு மட்டத்தில்தான் கும்பிடுவார்.

வாழ்நாளில் பொய்யே சொல்லாதவர் என்று இத்தகைய மலர்களில் எழுதுவது வழக்கம். என்னால் அப்படி எழுத முடியாது. அப்பா நன்றாகவே பொய் சொன்னார். எல்லாம் ஒரு பிள்ளைக்காக.

தம்பி பாடகனாவான் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அவனுக்குக் கரகரத்த தொண்டை. கோயில் பஜனையில் தாளத்தைக் கையில் கொடுத்து, "நீ அடிச்சாக் காணும், வாயத் திறக்காத" என்பார்கள். பெரியவனானதும் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மருதமுனை, நற்பிட்டிமுனைப் பக்கம் மீன் விற்றான். ஒலிபெருக்கி வைக்காமல், மீன்களின் பெயர்களைத் தானே ராகம் போட்டுக் கூவிக்கொண்டு போவான். மீன் வாங்க வந்த மருதமுனை ராத்தா ஒருவர், "தம்பி, உன்ட சூரை மீன விட உன்ட குரல்தான் பழுதாகாமக் கிடக்கு" என்று சொல்லி அதைக் கைப்பேசியில் பதிந்து வெளியிட்டார். ஒரு கிழமைக்குள் அம்பாறைக் கரை முழுவதும் அதைப் பார்த்தது. கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நடத்தும் பாட்டுப் போட்டிக்கு அவன் போக வேண்டும் என்று எல்லோரும் நெருக்கினார்கள்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். முதலில் எல்லாவற்றையும் உள்ளபடி நிரப்பினேன். சில நாட்களில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"குரல் நல்லா இருக்கு மிஸ். கதைதான் காணாது. மீன் விக்கிற பையன், சரி. அதுக்கு மேல என்ன இருக்கு?"

"வேற ஒண்டும் இல்ல."

"அப்பா?"

"அப்பா இருக்கிறார்."

"ஓ…" என்றார். இறப்பு வீட்டில்கூட நான் அப்படியொரு வருத்தக் குரலைக் கேட்டதில்லை. "யோசிச்சு, நாளைக்குள்ள விண்ணப்பப் போமைத் திருத்தி அனுப்புங்க."

பின்னேரம் இதை வீட்டில் பகிடியாகத்தான் சொன்னேன். தம்பி சிரிக்கவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"செத்துப்போயிற்றன் எண்டு போட்டா எடுப்பாங்களாமா?"

"வாயக் கழுவுங்க" என்றார் அம்மா.

"எழுதினவுடன செத்துப்போவனா? போடு புள்ள."

"சுனாமியில எண்டு போடுவமா?" என்று தம்பி கேட்டான்.

அப்பா அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு தொழில் கதைப்பதுபோல் நிதானமாகச் சொன்னார்: "சுனாமியில செத்த சனத்திட பேரெல்லாம் கல்லில வெட்டிக் கிடக்கு. வந்து தேடுவாங்க. சும்மா கடல் எண்டு போடு. வாடைக்காத்து நேரம் எண்டு போடு, சோளகத்தில கடல் அடங்கிக் கிடக்கும், அப்ப எண்டா கடலுக்குப் போறவன் ஒருத்தனும் நம்பமாட்டான். உடம்பு கிடைக்கல்ல எண்டும் போடு. கிடைச்சா, புதைச்ச இடத்தக் காட்டச் சொல்லுவாங்க."

விண்ணப்பத்தில் "தந்தை" என்பதற்கு எதிரே இரண்டு பெட்டிகள் இருந்தன: உள்ளார், இல்லை. "இல்லை" என்பதில் அடையாளமிட்ட விரல் என்னுடையது. மறுநாளே தம்பியைக் கூப்பிட்டார்கள்.

அடுத்து எங்கள் வீட்டைப் படம்பிடிக்க வருவதாகச் சொன்னார்கள். செய்யவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினேன். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் உண்டு.

1. அப்பாவின் சாரம், சேட், செருப்பு: ஒளிக்க.
2. அப்பாவின் படம்: பெரிதாக்கிச் சட்டம் போட. மாலை, விளக்கு.
3. அம்மா: பொட்டு, தாலி.
4. அப்பா: காக்கா வீட்டுக்கு.

இரண்டாவதற்கான மாலையைக் கல்முனைச் சந்தையில் அப்பாவே வாங்கி வந்தார். "பிளாஸ்டிக் மாலை கமராவில தெரியும்" என்று சொல்லி உண்மைப் பூவாகவே வாங்கியிருந்தார். மூன்றாவதற்கு அம்மா உடன்படவில்லை. அப்பா பக்கத்தில் போய் நின்று, "நான் இருக்கன்தானே, நானே சொல்றன், கழட்டு" என்றார். அம்மா பொட்டை அழித்து, தாலிக்கொடியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். அப்பா அதைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு மருதமுனைக்குப் போனார்.

அங்கே நடந்ததைப் பிறகு காக்கா சொன்னார். அப்பாவைக் கண்டதும் அவர் உள்ளே குரல் கொடுத்தாராம்: "மையத்து வந்திருக்கு. பசிக்குதாம். சோத்தப் போடுங்க." தன்னைப் பிணம் என்றதைக் கேட்டு அப்பா சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாராம். கை கழுவிவிட்டு வந்து, "மச்சான், பொட்டில்லாம அவள்ட முகத்த நான் இண்டைக்குத்தான் பாத்தன்" என்றாராம்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது மாலை போட்ட படத்தை நெருக்கத்தில் காட்டினார்கள். நடுவர்கள் அழுதார்கள். எங்களோடு பாயில் இருந்து பார்த்த அப்பாவும் அழுதார். அதன்பிறகு தம்பி ஒவ்வொரு சுற்றாக முன்னேறினான். ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன்: அவன் உண்மையிலேயே நன்றாகப் பாடினான். அந்தக் குரலில் பொய் இல்லை.

ஊர் வாய் திறக்கவில்லை. நம்மூர்ப் பிள்ளை வெல்ல வேண்டும் என்பதற்காகத் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகக் காத்த இரகசியம் இதுவாகத்தான் இருக்கும். வெளியே அது இரகசியம், உள்ளே பகிடி. மீன் வாடியில் அப்பாவைக் கண்டால் வானத்தைக் காட்டி, "என்னண்ண, அங்க கீரிமீன் என்ன விலை போகுது?" என்று கேட்டவர்களில் சிலரும் இன்று வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இலை போடப்பட்டிருக்கிறது.

ஒருநாள் மலையகத்திலிருந்து ஒரு வேன் நிறைய ரசிகர்கள் வந்தார்கள். வேலியடியில் நின்ற அப்பாவிடமே, "ஐயா, பாட்டுக்காரத் தம்பியோட அப்பா கடல்ல போன எடம் எது?" என்று கேட்டார்கள். அப்பா அவர்களைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், இடது கையை நீட்டிக் காட்டினார். அவர்கள் அந்தத் திசையில் பூப் போட்டார்கள். திரும்பி வந்து அம்மாவிடம், "நல்ல சனம், நல்ல பூ" என்றார். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. வீதியில் வாகனம் நிற்கும் சத்தம் கேட்டால் அம்மா பொட்டை அழிப்பார். அப்பா பின்வளவுக்குப் போய்விடுவார். தாலி அப்பாவின் பையிலேயே தங்கிவிட்டது.

இறுதிப் போட்டிக்கு மட்டும் தானும் வர வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். "பெரியப்பா எண்டு சொல்லு, நான் பின்னால இருக்கன்" என்று அந்த உறவைக் கண்டுபிடித்தவரும் அவரே. ஆனால் கமரா அவரைக் கண்டுகொண்டது. நடுவர் ஒருவர், "படத்தில் பார்த்த அதே முகம்! யார் இவர்?" என்று கேட்டார். மேடையில் நின்ற தம்பி, "பெரியப்பா. அப்பாட அண்ணன். அப்பாவ மாதிரியே இருப்பார்" என்றான். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "ஐயா, உங்கள் தம்பி மேலேயிருந்து இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்." அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அப்பாவும் எழுந்து, நெஞ்சு மட்டத்தில் கைகூப்பினார்.

தம்பி வென்றான். ஊர்வலமாகக் கொண்டுவந்தோம். திறந்த வாகனத்தில் தம்பியும் பொட்டில்லாத அம்மாவும் நின்றார்கள். அப்பா பின்னால் நடந்து வந்தார்.

அன்று வீட்டுக்குள் வந்ததும் அப்பா கேட்டார்: "இனிச் சொல்லலாம்தானே மனே?"

"டீவிக்காரங்கட ஒப்பந்தம் முடியட்டும் அப்பா."

ஒப்பந்தம் முடிந்தது. கனடாக் கச்சேரி முடியட்டும் என்றான். அதுவும் முடிந்தது. பிறகு இலண்டன், பாரிஸ். எல்லா மேடைகளிலும் முதல் பாட்டுக்கு முன்பு அப்பா கடலில் இறந்தார். அப்பா ஒவ்வொரு முறையும் திகதியைக் கேட்டுக் கலண்டரில் வட்டம் போடுவார்; அந்த நாள் கழிந்ததும் மறுபடி கேட்பார். அவர் எதிர்பார்த்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளை நாலு பேர் முன்னால் அப்பா என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு அவருடைய சுவாசப்பை பழுதானது. வைத்தியசாலையில் வைத்திருந்தபோது, இரண்டு கச்சேரிகளுக்கு நடுவில் தம்பி வந்தான். நோயாளர்களும் தாதியரும் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். "இவர் உங்களுக்கு யார்?" என்று ஒரு தாதி தம்பியிடம் கேட்டார். தம்பி வாய் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டார்: "என்ட தம்பிட மகன்." பிறகு தம்பியின் கையைப் பிடித்து, மெதுவாக, "மனே, ஒருக்காக் கூப்பிடன்" என்றார்.

தம்பி சுற்றிப் பார்த்தான். மூன்று கைப்பேசிகள் உயர்ந்திருந்தன, நான் எண்ணினேன்.

"என்ன பெரியப்பா?" என்றான்.

அப்பா சிரித்தார். "ஓம், ஓம். பிழையில்லாமத்தான் கூப்பிடுறாய்."

மறுநாள் காலை அவர் காலமானார். வைத்தியசாலையில் அவருடைய பொருட்களைத் தந்து கையொப்பம் வாங்கினார்கள். சாரம் ஒன்று, சேட் ஒன்று, மூக்குக்கண்ணாடி ஒன்று, தாலிக்கொடி ஒன்று. செத்த வீட்டுக்கு வந்த பெண்கள் வழக்கப்படி அம்மாவைச் சூழ்ந்து இருந்தார்கள். கழற்றுவதற்கு அம்மாவிடம் ஒன்றும் இருக்கவில்லை.

மரண அறிவித்தலை எழுதியதும் நான்தான். தம்பி வாசித்து, "சரி" என்றான். கொள்ளிக்குடத்தையும் அவனே தூக்கினான். "பெரியப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்ல, அதால நான் செய்றன்" என்று கமராவுக்குச் சொன்னான். பெற்ற தகப்பனுக்குச் செய்யக் கிடைக்காத கடமையைப் பெரியப்பாவுக்குச் செய்த நல்ல பிள்ளை என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். நான் அவற்றையெல்லாம் வாசித்தேன்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் தம்பிக்கு அனுப்பினேன். உடனே தொலைபேசியில் எடுத்தான்.

"அக்கா, போமில போட்டது நீதானே? இப்ப என்ன நியாயம் கதைக்கிறாய்?"

"ஓம். நான்தான் போட்டன். அதாலதான் நானே திருத்துறன்."

அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அச்சடி புள்ள" என்றார். "நான் ரெண்டு தரம் தாலி அறுத்தவள். முதல் தரம் டீவிக்கு. இந்தத் தரமாவது அவருக்காக இருக்கட்டும்."

அப்பாவை இறுதிவரை பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் எங்கள் நன்றி. எட்டாம் நாள் வரை எங்கள் வீட்டு அடுப்பு எரியாமல் மூன்று நேரமும் சாப்பாடு அனுப்பிய மருதமுனைக் காக்கா குடும்பத்துக்கு நன்றி. அப்பாவை அப்பாவாகவே கடைசிவரை விசாரித்தவர் அவர் ஒருவர்தான், "எங்க புள்ள உங்கட வாப்பா?" என்றுதான் என்னிடம் கேட்பார். பந்தல் போட்டவர்களுக்கும், அறிவித்தல் ஒட்டியவர்களுக்கும், தம்பிக்கு வாக்களித்த அனைவருக்கும் நன்றி.

முன் அட்டையில் உள்ளது நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த அதே படம். அப்பாவிடம் வேறு நல்ல படம் இருக்கவில்லை.

பின் அட்டையில் குடும்ப விபரம் உள்ளது. மனைவி, மகள் என்ற இடங்களில் பெயர்கள் இருக்கின்றன. மகன் என்ற இடத்தில் பெயர் அச்சிடவில்லை. கோடு மட்டும் விட்டிருக்கிறேன். தம்பி இன்று பந்தலில் இருக்கிறான். அவனிடம் கையெழுத்து வாங்க விரும்புபவர்கள் வேறு தாள் தேட வேண்டாம். பேனா அப்பாவின் விளக்கடியில் இருக்கிறது.

மகள்