மருமகன் வைத்துவிட்டுப் போன கடல்

நீலப் பிளாஸ்டிக் ஜக்கு ஒன்று எங்கள் வீட்டு ஹோலில், சாமிப்படங்களுக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்குகிறது. அதன் வாய் நெருப்பில் வாட்டித் தட்டையாக அகட்டப்பட்டிருக்கிறது. தண்ணீர் ஒரே தாரையாக விழாமல் விசிறிபோல விழவேண்டும் என்று என் மருமகன் செய்த வேலை. சமையலுக்கு நான் அதை எடுப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கால் கழுவ அதில் கை வைத்தால், "அத விடுங்க, வேற தாறன்" என்று சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால் எதிர்ச்சுவரைக் காட்டுவேன். அங்கே ஒரு கடல் இருக்கிறது. கட்டில் நீளக் கண்ணாடித் தொட்டிக்குள், நீல வெளிச்சத்தின் கீழே, விடிந்தால் பொழுதுபட்டால் இரைந்துகொண்டு கிடக்கிறது.

செட்டிபாளையம் இரண்டு தண்ணீருக்கு நடுவில் நீண்டு கிடக்கும் மண். மேற்கே வாவி, நாங்கள் அதை ஆறு என்றே சொல்வோம். கிழக்கே கடல். இந்த வீடு என் அம்மாவுடையது, பிறகு என்னுடையது, கல்யாணத்தோடு என் மகளுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேருகிறவர். மருமகன் பெரியகல்லாற்றில் இருந்து வந்தார். ஓட்டோவில் இருந்து அவர் இறங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. உடுப்புப் பை காலடியில். மடியில், குழந்தையை வைத்திருக்கிற மாதிரி, தண்ணீரும் மீனும் தளும்பும் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. குளிர்சாதனப் பெட்டி திருத்துவது அவருடைய தொழில். மீன் வளர்ப்பது அவருக்குப் பைத்தியம். சீக்கிரமே என் விறாந்தை முழுக்கத் தொட்டிகள். கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து ஊற்றுவார். கப்பி மீன்கள் குட்டி போட்டுப் பெருகும். அவ்வளவு சுலபமான மீன்கள்.

மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் குடும்பத்தில் இல்லை. என் அம்மா கடைசி வரைக்கும் என் புருஷனோடு நேரே ஒரு வார்த்தை கதைத்தவள் அல்ல. நானும் அதை விடவில்லை. அது கோபத்தால் அல்ல, மரியாதைக்கு. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன். "புள்ள, கறிக்கு உப்புக் காணுமா எண்டு கேள்." அவர் இரண்டு அடி தள்ளி இருந்து, "காணும் எண்டு சொல்லு" என்பார். அவள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சிரிப்பாள். பிறகு அவள் வீட்டைத் திருத்தவேண்டும் என்று கட்டாருக்கு வேலைக்குப் போனாள். வரவேண்டிய காலத்தில் வரவில்லை. வேலை செய்யும் வீட்டார் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சக் காலம் இரு என்றார்களாம். அவள் அங்கே அடைபட்டாள். என் புருஷன் முன்னமே போய்ச் சேர்ந்தவர்; நானும் மருமகனும் மட்டும் இங்கே, அவள் இல்லாத அவளுடைய வீட்டில்.

அவள் போனபிறகு இடையில் நிற்கும் வேலை பூனைக்கு வந்தது. "பூனை, சோறு மேசையில கிடக்கு." "பூனை, நான் இண்டைக்குக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வேலைக்குப் போறன், வரச் சுணங்கும்." பூனைக்கு எங்கள் மரியாதையில் அக்கறை இல்லை, அது விறாந்தைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

என் பயத்தை இங்கே சொல்லவேண்டும். பெண்சாதி இல்லாத பெண்சாதி வீட்டில் ஓர் ஆம்பிளை எவ்வளவு காலம் இருப்பார்? அவருடைய அக்கா பெரியகல்லாற்றில் இருந்து வந்து, குசினியில் நான் இருப்பது தெரிந்தே சத்தமாகச் சொல்வாள்: "தம்பி, உனக்கு இஞ்ச என்ன வேல? எங்கட வளவுக்கு வா. றோட்டோட ஒரு கடயப் போடு." அவர் ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். பக்கத்து வளவு மச்சாள் வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டுவாள். "என்னகா மச்சாள், மருமகன் தொட்டியெல்லாம் துடைச்சு அடுக்குறார்? பெட்டி கட்டுறார் போல." அவர் அக்கா வளவுக்குப் போனால் என் மகளின் கல்யாணம் அதோடு சரி. அவள் திரும்பி வந்து இறங்க வீடு இருக்கும், புருஷன் இருக்கமாட்டார். வரும்போது தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்தானே. போகும்போதும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் இந்தப் பெரிய கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. நாலைந்து ஆம்பிளைகள் கூடி, இரும்புக் கால் மேல் ஏற்றினார்கள். என் தாய் காலத்தில் இருந்து எல்லாரும் குந்தும் மர வாங்கை வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் வைத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. "பூனை, வீட்டுக்காரரிட்டக் கேக்காம ஹோலில சாமான் ஏத்துறாங்க, பாத்தியா?" என்றேன். அவர் கடற்கரையில் இருந்து பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார். பவளப்பூச்சி கட்டிய கல்லு, பூப்போல விரிகிற உயிர், வெள்ளைப் பட்டை போட்ட செம்மஞ்சள் மீன், இவையெல்லாம் அதற்குள் வாழுமாம். கடலில் பவளக் கல்லுக் கிள்ளினால் பொலிஸ் பிடிக்கும் என்று, கொழும்புக் கடையொன்றில் வளர்த்த துண்டுகளை பஸ்ஸில் எடுப்பித்தார். அன்றைக்குப் பின்னேரம் தும்புத்தடியோடு அதைச் சுற்றிக் கூட்டும்போது, தொட்டியின் மூலையைக் கையால் தள்ளிப் பார்த்தேன். மயிரிழைகூட அசையவில்லை. அப்போது எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. இதை மடியில் வைத்துக்கொண்டு ஒருவரும் போக முடியாது. அந்த நிமிடத்தில் என் ஆத்திரம் அடங்கிவிட்டது. இது உயிரோடு இருக்கும்வரை அவர் இந்த வீட்டில் இருப்பார். இதைச் சாக விடக்கூடாது.

ஆனால் சாவதற்குத்தான் அது வந்த மாதிரி இருந்தது. கப்பி வளர்த்த பழக்கத்தில் உடனே மீனை விட்டார். விட்ட மீனெல்லாம் ஒவ்வொன்றாக மிதந்தது. கடைக்காரர் போனில் ஏசினாராம், கல்லும் தண்ணீரும் ஒன்றோடொன்று பழகவேண்டும், அதுவரைக்கும் மீன் விடாதே என்று. பிறகு வாரக்கணக்காக என் ஹோலில் வெறும் கல்லும் தண்ணீரும். மச்சாள் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "கல்லுக்குச் சோறு வைச்சாச்சாகா?" என்று கேட்டாள். "வைச்சாச்சு. உனக்குத்தான் இன்னும் வைக்கல்ல" என்று சொல்லி அனுப்பினேன். என் வீட்டுப் பொருளை நான் ஏசலாம், ஊர் ஏசக்கூடாது.

கடைசியில் ஒரே ஒரு மீனும் கொஞ்சப் பூவும் வந்து கொஞ்சக் காலம் நல்லாக இருந்தது. பிறகு பூக்கள் சுருங்கத் தொடங்கின. தொட்டித் தண்ணீர் வெயிலுக்கு வற்றும். வற்றினால் கடலில் இருந்து கொண்டுவந்து நிரப்புவார். கிணற்று மீனுக்குக் கிணற்றுத் தண்ணீர், கடல் மீனுக்குக் கடல் தண்ணீர். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதை இரண்டு பேரும் மாறிமாறித் துடைத்தோம், ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தபடி அவர் போனில் சொன்னது குசினிக்குக் கேட்டது. "இது சரிவராதுக்கா. எல்லாத்தையும் முடிச்சிட்டு அங்க வாறன்."

அடுப்பில் கிடந்த சோற்றை நான் இறக்கவில்லை, அடிப்பிடித்துவிட்டது. வெளியே வந்தேன். பூனையைக் காணவில்லை. அது எங்கோ ஊர் சுற்றப் போயிருந்தது. வேறு வழி இல்லாமல் தொட்டிக்குள் இருந்த ஒற்றை மீனைப் பார்த்துச் சொன்னேன்: "மீனே, சாகிறதுக்கு முன்னம் அந்தக் கடைக்காரரிட்ட ஒருக்காக் கேக்கச் சொல்லு." அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். கடைக்காரர் சிரித்தாராம். வெயிலில் தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும். உப்புக்கு மேல் உப்பு ஊற்றினால் எந்த உயிர் நிற்கும்? வற்றியதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். எங்கள் கிணறோ சவர், அதுவும் உப்புக் கரிக்கும். அடுத்த மழைக்கு நான் வீட்டில் கிடந்த வாளி, பேசின், பானை எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்து, நனைந்துகொண்டு நின்றேன். மச்சாள் வேலியால் பார்த்தாள். பூக்கள் மெல்ல விரிந்தன. அவர் அக்காவுக்கு என்ன சொன்னாரோ தெரியாது; போகவில்லை.

அதோடு நான் கட்டுப்பட்டேன். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. கரண்ட்டையும் வெட்டி வெட்டித் தந்தார்கள். கரண்ட் நின்றால் தொட்டி மோட்டாரின் இரைச்சல் நிற்கும். இரைச்சல் நின்றால் உள்ளே மூச்சு இல்லை. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போதுதான் அவர் இந்த ஜக்கைச் செய்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு, உயர்த்தி, விசிறி ஊற்றவேண்டும். மொண்டு, உயர்த்தி, ஊற்றவேண்டும். அவர் பகல் முழுக்க வரிசையில் நிற்கும் நாட்களில் அது என் வேலை. சந்தைக்குப் போகமுடியாது, செத்த வீட்டுக்குப் போனாலும் பிணம் எடுக்க முன்னம் ஓடிவரவேண்டும். மகள் வந்து சேரவேண்டும் என்று சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். திருவிழாவுக்கு ஊரே வாகனம் பிடித்துப் போனது. நான் கதவைச் சாத்திக்கொண்டு, வியர்த்து வழிய, ஒரு மீனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தேன். மகள் அங்கே யாருடைய வீட்டையோ துடைத்துக்கொண்டு இருப்பாள் என்று நினைத்தேன். முருகன் பொறுப்பான். அந்த மீன் பொறுக்காது.

அவர் வீட்டில் இருந்தால் முறை மாறுவோம். கைக்குக் கை கொடுக்கமாட்டோம். நான் ஜக்கை நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன், அவர் வந்து எடுப்பார். ஒரு நாள் பொழுதுபடும் நேரம், என் தோள் விட்டுப்போய் ஜக்கைக் கீழே வைக்கக்கூட முடியவில்லை. அவர் வந்து என் கையில் இருந்தே அதை வாங்கினார். மீனைப் பார்த்துச் சொன்னார்: "வயசான ஆக்களப் போய்ச் சாயச் சொல்லு."

"ஆருக்கு வயசு எண்டு கேள்" என்றேன்.

அவர் சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஊற்றினார். பிறகு மீனிடமே சொன்னார்: "நானெண்டா இத எப்பயோ குடுத்திருப்பன். இஞ்ச ஒராளுக்கு இதிலதான் உசிர் கிடக்கு எண்டு தெரிஞ்ச பிறகு, எப்பிடிக் குடுக்கிற?"

என்ன சொல்ல? உங்களை இந்த வீட்டில் நிறுத்தத்தான் இதைக் காத்தேன் என்றா? அந்த வார்த்தையை என் வாயால் சொல்கிறவள் நான் அல்ல. குசினிக்குள் போய் விளக்கைக் கொளுத்தினேன்.

ஒருமாதிரி அந்த வீட்டார் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க, மகள் வந்தாள். கறுத்து, மெலிந்து, ஆனால் சிரித்துக்கொண்டு. தொட்டியைப் பார்த்து, "எனக்குப் பதிலா இதயா வைச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். பிறகு அவளுக்குக் கட்டாரிலேயே வேறொரு நல்ல இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே குளிர்சாதனம் திருத்துகிறவர்களுக்கு நல்ல கிராக்கியாம், புருஷனையும் கூப்பிட்டுக்கொண்டாள். கல்யாணம் நிலைத்தது. நான் கேட்டது கிடைத்தது. போவதற்கு முதல்நாள் மருமகன் குசினி வாசலில் வந்து நின்றார். பூனை அங்கேதான் இருந்தது, மகளும் இருந்தாள். அவர் என்னையே பார்த்துச் சொன்னார்: "மாமி, கடைக்காரர் வந்து எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போவார். சொல்லட்டா? உங்களுக்கு ஏன் இந்தத் தொல்ல?"

முதல் தரம் என்னை மாமி என்று முகத்துக்கு நேரே கூப்பிட்டார். நான் கீரையை ஆய்ந்துகொண்டே மகளிடம் சொன்னேன்: "இருக்கட்டும் எண்டு சொல்லு. எனக்கென்ன தொல்ல?" அசைக்க முடியாத பொருள் ஒன்று இந்த வீட்டில் கிடந்தால், அதைப் பார்க்கவாவது திரும்பி வருவார்கள். ஒருமுறை பலித்த வேலை மறுமுறையும் பலிக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. மத்தியானம் கூப்பிடுவார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள் நான். போன் அடித்தால் பச்சையைத் தொடவேண்டும் என்பது மட்டும் தெரியும். இப்போது மருமகன் நேரேதான் கதைக்கிறார். போனுக்கு முறை கிடையாது. "மாமி, மீனக் காட்டுங்க." நான் போனைக் கண்ணாடிக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். "பூ நல்லா விரிஞ்சிருக்கு. மழத் தண்ணிதானே ஊத்துறீங்க?" ஓம் என்பேன். எப்ப வாறீங்க என்று கேட்பேன். அடுத்த லீவுக்கு என்பார். போன லீவுக்கும் அதைத்தான் சொன்னார். இந்த வருசமும் சித்தாண்டிக்கு நான் போகவில்லை.

போன வெள்ளி மகள் சொன்னாள்: "அம்மா, கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. நீங்க தொட்டிக்குள்ள தெரியிறீங்க."

தள்ளிப் பிடிக்க முதல் கரண்ட் போய்விட்டது. மகளின் முகம் போனில் அப்படியே நின்றது, பிறகு அதுவும் இல்லை. வீடு இரைச்சல் இல்லாமல் கிடந்தது. கடல் கிழக்கே இரைவது கேட்டது. ஆறும் கடலும் தங்கள் மூச்சைத் தாங்களே விட்டுக்கொள்ளும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து என்னைப் பார்த்தது. "பொறு, வாறன்" என்று அதற்குச் சொல்லிவிட்டு, ஆணியில் இருந்து ஜக்கை எடுத்தேன்.