வேப்பங்கொத்தோடு ஆம்புலன்ஸ் ஏறிய நர்ஸம்மா

போன மாதம் ஒரு காலையில் பேத்தி யாழினிக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் செல்வி போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "அப்பா, நம்ம நர்ஸம்மா போயிட்டாங்களாம்பா. தூக்கத்துலயே." நான் மாத்திரையைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வேறு மாதிரி செய்திருந்தால் நர்ஸம்மா என்னை மன்னித்திருக்க மாட்டார்.

அரியலூரில் பஸ் மாறி, நர்ஸம்மாவின் ஊரான லப்பைக்குடிகாட்டுக்குப் போனேன். போர்டை நானே படித்து ஏறினேன். சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் நம் விக்கிரமங்கலம் பக்கத்து ஆட்கள். நர்ஸம்மாவின் தம்பி திகைத்துப்போய், "இவ்வளவு பேரு யாருங்க?" என்று கேட்டார். "எல்லாம் உங்க அக்கா ஊசி போட்ட ஆளுங்கதான் பாய்" என்றேன். அழுதுகொண்டிருந்தவரும் கொஞ்சம் சிரித்துவிட்டார்.

நூர்ஜஹான் நர்ஸம்மாவை உங்களுக்குத் தெரியும். நம் ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் பல வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்கூட்டியில் இந்தப் பக்கம் வந்துபோவதை விடாதவர். என் வீட்டில் அவர் செய்ததை நான்கைந்து பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன்.

யாழினி பிறந்த பதினைந்தாம் நாளே திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனவள். உடம்பில் எல்லோருக்கும் தானாகச் சுரக்கிற ஒன்று அவளுக்குச் சுரக்காது. அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் ஊசி. அந்த ஊசி மருந்தில் ஒன்றை நர்ஸம்மா தன் கறுப்புப் பையில், யாழினியின் பெயரை ஒட்டி, எப்போதும் வைத்திருந்தார். மருமகன் திருப்பூரில் வேலை. செல்வி பெரம்பலூரில் துணிக்கடைக்குப் போய்விடுவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது நான்தான்.

அவளுக்கு மூன்று வயதாகும்போது பங்குனியில் மேலெல்லாம் கொப்புளம் போட்டது. அம்மை. நிலையில் வேப்பிலை செருகினேன். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினேன். ஆத்தா வீட்டில் இருக்கும்போது மருந்து மாத்திரை ஆகாது என்பது எங்கள் வழக்கம். மாத்திரை டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். செல்வி தயங்கினாள். "அப்பா, நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே." நான் அவளை அதட்டினேன். "ஆத்தாவ விட டாக்டர் பெரிய ஆளா?"

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பிள்ளை இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கை கால் சில்லிட்டது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் பாதி திறந்தாள். ஆத்தா இறங்குகிறாள் என்று நினைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அப்போதுதான் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. நர்ஸம்மா வேப்பிலையைப் பார்த்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"காலையில மாத்திரை குடுத்தீங்களா அண்ணே?"

"இல்லம்மா. ஆத்தா வந்திருக்கா."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் பையைத் திறந்துகொண்டே பேசினார். "ஆத்தா வந்தா மருந்து கூடாது, சரி. இளநீர் குடுத்தீங்கல்ல? கூழு குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன்மா. வாந்தி எடுத்துட்டா."

"ஆத்தா வந்தா சோத்த நிறுத்துவீங்களா?"

"அதெப்படிம்மா?"

"இவளுக்கு அந்த மாத்திரை மருந்து இல்லண்ணே. அது சோறு. நீங்க புள்ளைய ஒன்றர நாளா பட்டினி போட்டிருக்கீங்க."

அந்த வார்த்தை என் நெஞ்சில் இறங்குவதற்குள் அவர் திருச்சி டாக்டருடன் போனில் பேசி முடித்து, யாழினியின் தொடையில் ஊசியும் போட்டுவிட்டார். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது.

வண்டி வந்ததும் நான் மறுபடி தடுமாறினேன். அம்மை போட்ட பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுபோவதா? நர்ஸம்மா என்னிடம் வாதாடவில்லை. நிலையில் இருந்த வேப்பங்கொத்தை உருவி யாழினியின் தலைமாட்டில் வைத்தார். "ஆத்தாவும் கூட வரட்டும். ஏறுங்கண்ணே." டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்ன சிஸ்டர், தீமிதியா?" என்றார். "நீ வண்டிய ஓட்டு தம்பி. ஆத்தாவும் நானும் பின்னால பேசிக்கிறோம்" என்று பதில் வந்தது. அரியலூர் ரயில்வே கேட்டுக்கு முன்னால் யாழினி கண்ணை முழுசாகத் திறந்து, "தாத்தா, தண்ணி" என்றாள். நர்ஸம்மா அப்போதுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு திரும்பினோம். அம்மை இறங்கிப் பிள்ளைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்த அன்று நர்ஸம்மா வந்து, எங்கள் வீட்டுக் கூழை இரண்டு சொம்பு குடித்தார். பிறகு கேட்டார்: "மாத்திரை அளவு எழுதித் திருச்சி டாக்டர் குடுத்த கடுதாசி எங்கண்ணே?" ட்ரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததைச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாதே! "பூட்டி வெச்சா காய்ச்சல் உள்ள வராதா? செல்வி கடைக்குப் போயிடுது. வூட்டுல இருக்கறது நீங்க. நீங்கதான் படிக்கணும்." பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்பில் அவரே என் பெயரைக் கொடுத்தார். நான் முரண்டு பிடித்தேன். "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா?" "உங்களுக்கு இல்லண்ணே. யாழினிக்கு" என்றார். மறுநாள் சாயங்காலமே வகுப்புக்குப் போனேன்.

எட்டு மாதத்தில் எழுத்துக் கூட்டினேன். கடுதாசியில் இருந்ததை அவர் தமிழில் சொல்லச் சொல்ல, பெரிய எழுத்தில் நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் வரி: 'காய்ச்சல் வந்தால் மாத்திரை நிற்கக் கூடாது. கூட வேண்டும்.' கோணல்மாணலான எழுத்துதான். நர்ஸம்மா தள்ளி நின்று பார்த்து, "டாக்டர் கையெழுத்துக்கு இது எவ்வளவோ தேவல" என்றார்.

அதன் பிறகு தெருவில் ஸ்கூட்டி போகும்போதெல்லாம் அவரிடமிருந்து ஒரே கேள்விதான். "சோறு போட்டாச்சா அண்ணே?" தெரியாதவர்கள் என்னைப் பசித்த கிழவன் என்று நினைத்திருப்பார்கள்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில் யாழினிக்குக் காய்ச்சல் வந்தது. அவர் இல்லாத முதல் காய்ச்சல். செல்வி கடையில் இருந்தாள். தெர்மாமீட்டரில் எண்ணைப் பார்த்தேன். சுவரைப் படித்தேன், இன்னொரு முறையும் படித்தேன். அளவைக் கூட்டிக் கொடுத்தேன். திருச்சிக்குப் போன் போட்டு, கொடுத்ததை வரிசையாகச் சொன்னேன். "சரியா செஞ்சிருக்கீங்க பெரியவரே" என்றார் டாக்டர். பெயர் ஒட்டிய ஊசி மருந்து இப்போது புது நர்ஸிடம் இருக்கிறது. அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஊசிக்கு வேலை வரவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மாவின் படம்கூட என்னிடம் இல்லை. இருப்பது அந்தக் கேள்விதான். முந்தாநாள் காலை பேப்பரும் பேனாவுமாக இதில் மூழ்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். யாழினி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தாத்தா, எனக்குச் சோறு போட்டாச்சா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் டப்பாவைத் திறந்தேன்.